ஸ்விண்டனில் சங்கு ஊதிய காலம் நல்ல காலமா?

எக்சீட்டர் தெருக்காரி எழுதியது:

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியிலுள்ள ஸ்விண்டனில், ரயில்வே குடியிருப்பின் கல்வீடு ஒன்றில் 1970களில் வளர்ந்தவள் நான். அப்பா மருத்துவமனையில் செவிலியராக இருந்தார். ஆனால் எங்கள் காலை நேரத்தைத் தீர்மானித்தது 1843இல் தொடங்கிய ரயில்வே பணிமனையின் சங்குதான். பிரிஸ்டல், டாண்டன், ரெடிங் என்று ரயில் பாதையில் வரும் ஊர்களின் பெயர்களையே தாங்கிய அந்தத் தெருக்களில், ஒருவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டால் ‘உள்ளே’ என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாக வரும். எதற்கு உள்ளே என்று யாரும் கேட்டதில்லை. 1960இல் பிரித்தானிய ரயில்வே கட்டிய கடைசி நீராவி எஞ்சினான ‘ஈவினிங் ஸ்டார்’ அந்த மதில்களுக்குள்ளிருந்துதான் வெளிவந்தது என்பதைப் பக்கத்து வீட்டுப் பாட்டி தம் சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்வார். 1986 மார்ச் மாதம் பணிமனை மூடப்பட்டு, சங்கும் நின்றது. அன்று தொலைந்தது வேலை மட்டுமன்று, ஒரே நேரத்தில் விழித்து ஒரே நேரத்தில் கடற்கரைக்குப் போன ஒரு நகரமே தொலைந்தது என்பது என் உறுதியான கருத்து.

வடகரையான் எழுதியது:

அம்மையீர், நானும் 1978 முதல் அதே ஊரில் படித்தவன். ஆகவே உங்கள் கருத்தை ஏற்க இயலவில்லை. நீங்கள் நினைவுகூர்வது சங்கைக் கேட்ட பிள்ளையின் காலம். சங்குக்குக் கட்டுப்பட்டவரின் காலம் அன்று. கொதிகலன்களுக்கு ஆணி அடித்தவர்களுள் பலர் நடுவயதிலேயே செவித்திறனை இழந்தார்கள். கல்நார் இழை நுரையீரல் உறையில் உண்டாக்கும் புற்றுநோய்க்கு ‘ஸ்விண்டன் நோய்’ என்றே அந்த ஊரில் பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கேட்ட பிறகும் அது நல்ல காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சங்கைக்கூட எல்லாரும் விரும்பிவிடவில்லை: 1870களிலேயே போலிங்புரோக் பிரபு அதன் ஓசையை எதிர்த்து முறையிட்டார். அவருக்காவது முறையிட வழி இருந்தது.

எக்சீட்டர் தெருக்காரி எழுதியது:

நோயை நான் மறுக்கவில்லை, ஐயா. ஆனால் அதே தொழிலாளர்கள் 1847இல் மருத்துவ நிதிச் சங்கம் ஒன்றை அமைத்து, வாரக் கூலியில் சிறு தொகையைப் பிடித்துக் கொடுத்து, மருத்துவர், மருந்து, பல் வைத்தியம், குளியல்கூடம், நீச்சல் குளம் வரை தங்கள் குடும்பங்களுக்கு உறுதி செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துத்தானே எடைபோட வேண்டும்? 1948இல் நாடு முழுவதற்கும் வந்த தேசிய மருத்துவ சேவைக்கு முன்மாதிரிகளுள் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. 1892இல் மில்டன் சாலையில் அவர்கள் திறந்த குளத்தில்தான் நான் நீந்தக் கற்றேன். அதன் ஓடுகளின் குளிர்ச்சி இன்னும் என் உள்ளங்காலில் இருக்கிறது. அதைப் பொய் நினைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

தொண்ணூறின் பிள்ளை எழுதியது:

நான் உங்கள் இருவருக்கும் பின்னால் வந்தவன். 1997இல் பணிமனைக் கட்டடங்கள் சில கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டன. சனிக்கிழமைதோறும் அம்மாவுடன் அங்கே போவேன், தலைக்கு மேலே பழைய இரும்பு உத்திரங்கள் தெரியும். ஐந்து சிறு வட்டங்கள் சேர்ந்த அந்த மாய ரவுண்டானாவில் கார் ஓட்டக் கற்ற நாளும் எனக்கு இனியதுதான். நகரம் தொலைந்துவிட்டது என்று அக்கா சொல்லும்போது, நான் வளர்ந்த ஊர் எது என்ற கேள்வி எழுகிறது.

வடகரையான் எழுதியது:

தம்பி கேட்பது நியாயமானது. அம்மையீர், ஒரே நேரத்தில் கடற்கரைக்குப் போனதாக எழுதினீர்கள் அல்லவா, அந்த ‘டிரிப்’ விடுமுறையையே எடுத்துக்கொள்வோம். 1849இல் ஏறத்தாழ ஐந்நூறு பேருடன் ஆக்ஸ்போர்டுக்குச் சென்ற அந்தப் பயணம், பின்னாளில் ஆண்டுதோறும் ஜூலையில் இருபதாயிரம் பேருக்கு மேல் வேமத்துக்கும் டென்பிக்கும் செயின்ட் ஐவ்ஸுக்கும் செல்லும் திருவிழாவாயிற்று. ரயில் கட்டணம் இல்லை, உண்மை. ஆனால் 1930களின் பிற்பகுதி வரை அந்த விடுமுறைக்குக் கூலியும் இல்லை. மணலில் விளையாடிய பிள்ளைக்கு இனித்த அதே வாரம், திரும்பி வந்ததும் அடுப்பு மூட்ட வேண்டிய தாய்க்கு எப்படி இருந்திருக்கும்?

எக்சீட்டர் தெருக்காரி எழுதியது:

தம்பியின் ஊரும் ஸ்விண்டன்தான். தொலைந்தது என்று நான் எழுதியது அவரைப் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன். கூலியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு வெகுநேரம் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டியின் அடுக்களை மாடத்தில் வண்ணம் உதிர்ந்த பிஸ்கட் தகர டப்பா ஒன்று இருந்தது. அது தம் தாயாரின் ‘டிரிப் டப்பா’ என்றும், ஆண்டு முழுவதும் அதில் காசு விழுந்துகொண்டே இருக்கும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். கடற்கரையில் ஐஸ்கிரீம் வாங்குவதற்கான காசு என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன், அவரும் திருத்தவில்லை. அந்தக் காசு திரும்பி வந்த பிறகான வாரத்துக்கானது என்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து, இன்று, உங்கள் பதிவைப் படித்தபோதுதான் எனக்குத் தோன்றியது. சங்கைப் பற்றி நான் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த டப்பாவைப் பற்றிப் பாட்டியிடம் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம்.