ஒத்திகை நேரங்களுக்குப் பகிர்ந்த நாட்காட்டி: எப்படி அமைப்பது?

மாலைநேர_நாடகம்:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் இயங்கும் சிறு நாடகக் குழு ஒன்றில் ஒத்திகைகளை ஒழுங்கு செய்யும் பொறுப்பில் இருக்கிறேன். நடிகர்கள் 14 பேர். எல்லோரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். சிலர் மென்பொருள் நிறுவனங்களில் வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்டில் இருக்கிறார்கள், ஒருவர் செவிலியர், இருவர் கல்லூரி மாணவர்கள், தாத்தா வேடம் ஏற்பவர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மூத்த நடிகர். இதுவரை வாட்ஸ்அப் குழுவில் "இந்த வாரம் யார் எப்போது வர முடியும்?" என்று கேட்டு வந்தோம். பதில்கள் வாழ்த்துச் செய்திகளுக்கும் படங்களுக்கும் நடுவே புதைந்துபோகின்றன. திங்கட்கிழமை சொன்ன நேரத்தை ஒருவர் புதன்கிழமை மாற்றிச் சொன்னால் அது எல்லோர் கண்ணிலும் படுவதில்லை. ஒத்திகைக்கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுப்பதால், ஒருவருக்காக மற்றவர்கள் காத்திருக்கும் நேரம் குழுவின் பணத்தைத் தின்கிறது. அன்றைய ஒத்திகையின் ஊக்கத்தையும் கெடுக்கிறது.

கூகுள் காலண்டரில் ஒரு பொது நாட்காட்டி தொடங்கி அனைவருக்கும் பகிரலாம் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுக்கலாமா? தங்கள் சொந்த அலுவல்கள் பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். அதற்கு என்ன வழி? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

திரைமறைவு:

வணக்கம். நாட்காட்டியைத் தொடங்கும் முன்பு தாளில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் எந்தச் செயலியைக் கொண்டுவந்தாலும் பலன் குறைவு. ஒரு பாத்திரம் மேடைக்குள் வரும்போதும், மேடையை விட்டுப் போகும்போதும் புதிய பகுதி தொடங்குவதாகக் கொண்டு நாடகப் பிரதியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து எண் கொடுங்கள். (பிரெஞ்சுச் செவ்வியல் நாடகங்களில் காட்சிகளையே இப்படித்தான் எண்ணுவார்கள்.) பகுதி எண்களை இடப்பக்கமும் நடிகர்களின் பெயர்களை மேலேயும் எழுதிக் கட்டம் போட்டு நிரப்பினால், 14 பேரும் ஒரே நேரத்தில் தேவைப்படும் இடங்கள் மிகச் சிலவே என்பது தெரிந்துவிடும். அதன்பின், செவிலியருக்கு இரவுப் பணி இருக்கும் வாரத்தில் அவர் இல்லாத பகுதிகளை எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமைகளைக் கூட்டக் காட்சிகளுக்கும் முழு ஓட்டத்துக்கும் ஒதுக்கி வைக்கலாம்.

திருத்தும் உரிமையை உங்களுக்கும் இயக்குநருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு விவரங்களைப் பார்க்கும் உரிமை போதும். எல்லோரும் திருத்தலாம் என்று விட்டால், கைபேசியில் விரல் தவறிப் பட்டு ஒரு ஒத்திகை இடம் மாறினாலும் அது யாரால், எப்போது நடந்தது என்று தேட வேண்டிவரும். இன்னொன்று, வாரந்தோறும் திரும்ப வருவதாகப் பதிந்த ஒத்திகையில் ஒரு வாரத்தை மட்டும் ரத்து செய்யும்போது, "இந்த நிகழ்வு மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுத்தோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் மற்ற வாரங்களின் ஒத்திகைகளும் நீங்கிவிடும்.

பலர் கவனிக்காத ஒரு செய்தியை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நாட்காட்டியைப் பகிர்ந்துவிட்டால் மாற்றங்கள் எல்லோருக்கும் அறிவிப்பாகப் போய்ச் சேரும் என்று நம்பக் கூடாது. அந்த நாட்காட்டிக்கான அறிவிப்புகளை ஒவ்வொருவரும் தம் கணக்கில் தாமே இயக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஒத்திகைக்கும் உரிய நடிகர்களின் மின்னஞ்சல் முகவரிகளை விருந்தினர்களாகச் சேர்த்து அழைப்பு அனுப்புங்கள். அப்போது வருவதாகவோ வர இயலாது என்றோ அவர்கள் பதில் தரலாம், அந்தப் பதில்கள் அந்த ஒத்திகைப் பதிவிலேயே நிற்கும். நேரத்தை மாற்றும்போது தகவல் அனுப்பவா என்று கேட்கும் இடத்தில் ஆம் என்று சொன்னால் அவர்களுக்கு மட்டும் செய்தி போகும். 6:30க்கு மூவரும் 7:30க்கு மேலும் நால்வரும் வேண்டுமென்றால் இரண்டு தனி நிகழ்வுகளாகப் போடுங்கள். வேலை முடிந்து ஓடி வரும் நடிகரை ஒரு மணி நேரம் சும்மா உட்கார வைப்பது அவருடைய உழைப்பை மதிக்காத செயல் என்பது என் உறுதியான கருத்து.

காவிரிக்கரை:

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். தனியுரிமை பற்றிய கேள்விக்கு மட்டும் என் பதில். கூகுள் காலண்டரில் ஒருவர் தம் சொந்த நாட்காட்டியைப் பகிரும்போது, விவரங்களை மறைத்து, நேரம் ஓய்வாக இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் காட்டும் வசதி உண்டு. மருத்துவரைப் பார்க்கப் போகிறாரா, பெண் பார்க்கப் போகிறாரா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் நான் இந்த முறையை முழுமையாக நம்புவதில்லை. தம் அன்றாட அலுவல்களை நாட்காட்டியில் எழுதும் பழக்கமே இல்லாதவரின் பக்கம் எப்போதும் வெறுமையாக இருக்கும். அவர் எந்நேரமும் ஓய்வாக இருப்பதாக அது நமக்குக் காட்டும். அதனால் மாதத்துக்கு ஒருமுறை, நிச்சயமாக வர இயலாத நேரங்களை மட்டும் ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கி, "வர இயலாத நேரம்" என்ற இரண்டாவது நாட்காட்டியில் பெயருடன் நீங்களே பதிவது நல்லது. காரணம் கேட்க வேண்டியதில்லை. அந்த நாட்காட்டியை இயக்குநருக்குத் தவிர வேறு யாருக்கும் பகிராதீர்கள். இரண்டு நாட்காட்டிகளில் எதையும் பொதுவெளிக்குத் திறந்துவிடவும் வேண்டாம். ஒத்திகைக்கூடத்தின் முகவரியும், பெண் நடிகர்கள் இரவு எத்தனை மணிக்கு அங்கிருந்து கிளம்புகிறார்கள் என்பதும் அயலார் அறிய வேண்டியவை அல்ல.

கடல்தாண்டி:

எங்கள் குழுவின் இசைக்கலைஞர் லண்டனில் இருக்கிறார். வாசிப்பு ஒத்திகைகளில் இணையம் வழியாகக் கலந்துகொள்கிறார். இப்படி யாராவது உங்கள் குழுவிலும் இருந்தால், நிகழ்வைப் பதியும்போது இந்திய நேர மண்டலத்திலேயே பதியுங்கள். இந்தியாவில் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. பிரிட்டனில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் மாற்றுகிறார்கள். நமது மாலை 7 மணி ஒத்திகை அவருக்குக் கோடையில் பிற்பகல் 2:30, குளிர்காலத்தில் 1:30. நேர மண்டலம் சரியாக இருந்தால் நாட்காட்டியே இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும்.

மாலைநேர_நாடகம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பகுதிகளாகப் பிரித்துக் கட்டம் போடும் வேலையை இயக்குநருடன் இன்றிரவே தொடங்குகிறோம். இரண்டு நாட்காட்டிகள், திருத்தும் உரிமை இருவருக்கு என்பதும் முடிவாகிவிட்டது. ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது: எங்கள் மூத்த நடிகர் சாதாரண பட்டன் கைபேசிதான் வைத்திருக்கிறார். அவரை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை.

திரைமறைவு:

மாற்றச் சொல்லவே வேண்டாம். கணினியில் வாரப் பார்வையைத் திறந்து அச்சிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்ததும் அவர் கையில் கொடுங்கள். இன்னொரு படியைக் கூடத்தின் சுவரில் ஒட்டுங்கள், மற்றவர்களுக்கும் அது பயன்படும். வாரத்தின் நடுவே அவருடைய பகுதியில் மாற்றம் வந்தால் தொலைபேசியில் சொல்லும் பொறுப்பைப் பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைத்து, அவர் பேசி முடித்ததும் அந்த நிகழ்வின் விவரக் குறிப்பில் "ஐயாவிடம் சொல்லியாயிற்று" என்று எழுதச் செய்ய வேண்டும். அதற்காக அந்தப் பொறுப்பாளருக்கும் திருத்தும் உரிமை கொடுக்கத்தான் வேண்டும். இந்த ஒரு விலக்கில் தவறில்லை.