கண்வழிக் காட்சி: ஒரு சொல் பரிந்துரை

> 'அகநிலைக் காமிரா' ஏற்கெனவே இருக்கிறதே. புதுச்சொல் எதற்குத் தம்பி?

ஐயா, வணக்கம். படத்தில் ஒருவர் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே நமக்குக் காட்டும் ஷாட்டுக்குத்தான் (point-of-view shot) சொல் தேடுகிறேன். அதை 'அகநிலைக் காமிரா' என்பதற்குப் பதில் 'கண்வழிக் காட்சி' என்கலாம் என்பது என் பரிந்துரை.

ரிச்சர்ட் ரிச் இயக்கிய 'முஹம்மத்: த லாஸ்ட் ப்ராஃபெட்' (2002) பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் 'அகநிலைக் காமிரா' காலை வாரியது. இஸ்லாத்தின் தொடக்க காலத்தைச் சொல்லும் முழுநீள அசைவூட்டப் படம் அது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. அவர்கள் கண்ணில் பட்டதாகவே சில இடங்கள் வரையப்பட்டிருக்கின்றன. எதிரே நிற்பவர்கள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள்.

முஸ்தஃபா அக்காத் நடிகர்களை வைத்து எடுத்த 'த மெசேஜ்' (1976) படத்திலும் இதே உத்திதான். நபியவர்களின் சிறிய தந்தை ஹம்ஸாவாக வரும் அந்தோணி குவின் லென்ஸைப் பார்த்துப் பேசுவார். நமக்குக் கேட்காத பதிலுக்காகச் சற்று நிறுத்துவார். பதில் கிடைத்ததுபோல மேலே தொடர்வார்.

அகநிலை என்றால் மனத்துக்குள் புகுவது. இந்தப் படங்கள் அதைத்தான் தவிர்க்கின்றன. நபியவர்கள் நின்ற இடத்தில் நம்மை நிறுத்துகின்றன. அவர்கள் உள்ளத்தில் ஓடியது இன்னதென்று புனைவதில்லை. படத்தின் மரியாதையே அதில்தான் இருக்கிறது, அதைக் கெடுக்கும் சொல் நமக்கு வேண்டாம். கையால் வரைந்த படத்தில் ஹம்ஸாவுக்கு எதிரே காமிராவும் கிடையாது. 'பார்வைக் கோணம்' என்றாலோ வாசகர் கருத்து என்று எடுத்துக்கொள்வார்.

ஆகவே 'கண்வழிக் காட்சி'. செவிவழிச் செய்தி, வாய்வழி இலக்கியம் எல்லாம் புழக்கத்தில் இருப்பதால் விளக்கம் தேவைப்படாது.

---

> தம்பி, கண்வழி நன்று. ஆனால் படம் பார்த்துக் கற்பதையும் கண்வழிக் கல்வி என்பார்களே? 'பாத்திரக் கண்வழிக் காட்சி' என்றால் துல்லியமாகும்.

ஐயா, மற்றப் படங்களுக்குச் சரி. இங்கே 'பாத்திரம்' வேண்டாம். நபியவர்களைப் பாத்திரம் என்று எழுதினால் முஸ்லிம் வாசகருக்கு நிச்சயம் உறுத்தும். நடிகரும் உருவமும் குரலும் இல்லாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலையும் இல்லை. 'நபியவர்களின் கண்வழிக் காட்சி' என்று யாருடையது என்பதைச் சேர்த்தே எழுதினால் மயக்கம் தீரும். கல்வியோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

எனக்குள்ள தயக்கம் 'காட்சி'யில்தான். சீனுக்கும் அதையே சொல்கிறோம். ஷாட்டைக் 'காட்சித்துண்டு' என்று எழுதுகிறவர்கள் 'கண்வழித்துண்டு' என்று சுருக்கலாமா? என் காதுக்கு அது இன்னும் ஒட்டவில்லை. திரைத்துறையில் வேலை செய்யும் நண்பர்கள் படப்பிடிப்பில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.