புடாபெஸ்ட் நகர் நடுவில் புதுப்பித்த அபார்ட்மெண்ட் ஹோட்டல்: அப்பா அம்மாவோடு தங்கச் சரிப்படுமா?

கோவை ராம்கி:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் வியன்னாவில் மூன்று நாள் இருந்துவிட்டு ரயிலில் புடாபெஸ்ட் போய் அங்கே ஆறு இரவு தங்குவதாகத் திட்டம். நான், மனைவி, ஏழு வயசுப் பையன், அப்பா, அம்மா. அப்பாவுக்கு 71. முட்டி வலி. ஒரு மாடி ஏறுவார், இரண்டாவது மாடிக்கு முனகுவார், மூன்றாவதுக்கு என்னைப் பெற்றதற்கே வருத்தப்படுவார்.

ஏழாவது வட்டாரத்தில் ஒரு அபார்ட்மெண்ட் ஹோட்டல் பார்த்து வைத்திருக்கிறேன். நூறு வருஷத்துக்கு மேலான கட்டடம், முழுக்கப் புதுப்பித்தது என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு படுக்கையறை, சமையலறை, வாஷிங் மெஷின், மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. படங்களில் பளபளவென்று இருக்கிறது. சாதாரண ஹோட்டலில் இரண்டு ரூம் எடுத்தால் இதைப் போல ஒன்றரை மடங்கு ஆகிறது. அம்மா ஒரு வேளையாவது ரசம் சாதம் வேண்டும் என்கிறார், அதனால் சமையலறை எங்களுக்கு முக்கியம். ஆனால் அந்தப் பகுதி ராத்திரி ஒரே சத்தம் என்று எங்கோ படித்தேன். இந்த மாதிரி இடத்தில் தங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள், இதையே எடுக்கலாமா?

பெஸ்ட்கரைத் தமிழன்:

வணக்கம் ராம்கி சார். நான் இங்கே நாலு வருஷமாக இருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் தங்க இடம் பார்ப்பது என் தலையில்தான் விழும். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த இரண்டாவது படுக்கையறை எங்கே இருக்கிறது என்று ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

டான்யூப் ஆற்றின் பெஸ்ட் கரையில் நடு நகரில் இருக்கும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை, 1873இல் புடாவும் ஓபுடாவும் பெஸ்ட்டும் ஒரே நகரமாகச் சேர்ந்த பிறகு வந்த நாற்பது வருஷத்தில் வாடகைக்கு விடக் கட்டியவை. நடுவில் முற்றம், ஒவ்வொரு மாடியிலும் முற்றத்தைச் சுற்றி இரும்புக் கம்பி போட்ட நடை, அந்த நடையிலிருந்துதான் ஒவ்வொரு வீட்டுக்கும் வாசல். நம் திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தை நாலு மாடிக்கு உயர்த்தியது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கூரை மூன்றரை, நாலு மீட்டர் உயரம். அவ்வளவு உயரத்தைச் சும்மா விடுவானேன் என்று பாதி உயரத்தில் மரத்தட்டு போட்டு மேலே மெத்தையைப் போட்டுவிடுவார்கள். இங்கே அதற்குப் பெயர் கலேரியா. நம் ஊர்ப் பரண்தான், அண்டாவுக்குப் பதில் ஆள் படுப்பார்கள், அவ்வளவே வித்தியாசம். விளம்பரத்தில் அதையும் ஒரு படுக்கையறையாகக் கணக்குக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறுவதற்குக் கப்பல் ஏணி மாதிரி செங்குத்தான படி, மேலே நிமிர்ந்து நிற்க முடியாது, ராத்திரி பாத்ரூம் போக வேண்டும் என்றால் இருட்டில் பின்பக்கமாகத் திரும்பி இறங்க வேண்டும். பையனுக்கு அது சொர்க்கம். உங்கள் அப்பாவை அதில் ஏற்றிவிடாதீர்கள்.

அடுத்தது மாடிக் கணக்கு. இங்கே தரைத்தளத்துக்கு எண் கிடையாது, அதற்கு மேலே சில வீடுகளில் அரை மாடி என்று ஒன்று தனியாக உண்டு, அதையும் தாண்டித்தான் ஒன்றாவது மாடியே தொடங்கும். அப்படிப்பட்ட வீட்டில் அவர்கள் சொல்லும் மூன்றாவது மாடி நம் கால் கணக்கில் ஏறக்குறைய நாலு. லிஃப்ட் உண்டு என்பது உண்மையாகவே இருக்கும், ஆனால் பழைய வீட்டில் லிஃப்டைப் பின்னால் சொருகியிருப்பார்கள், அதன் வாசலுக்குப் போகவே ஐந்தாறு படி ஏற வேண்டி வரும். அதையும் மெயிலில் கேளுங்கள். புதுப்பித்தது என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் வீட்டுக்கு உள்ளே இருப்பதைத்தான், மாடிப்படி எந்தக் காலத்திலோ கட்டியது அப்படியேதான் இருக்கும்.

சத்தம் பற்றி நீங்கள் படித்தது சரி. ஏழாவது வட்டாரத்தில் காசின்ட்சி தெருவும் சுற்றுவட்டாரமும் இடிபாட்டு பார்களுக்குப் பேர் போனவை. இடியும் நிலையில் கிடந்த வீட்டு முற்றங்களில் பழைய நாற்காலியும் குளியல் தொட்டியும் போட்டு ஆரம்பித்தவை அவை. ஊர்க்காரர்களே அதைக் கொண்டாட்ட வட்டாரம் என்றுதான் சொல்வார்கள். வியாழன் ராத்திரி தொடங்கினால் ஞாயிறு விடியற்காலை வரை ஓயாது. தெருவைப் பார்த்த அறை வெளிச்சமாக இருக்கும், தூக்கம் வராது. முற்றத்தைப் பார்த்த அறையில் தூக்கம் வரும், பகலிலும் விளக்குப் போட வேண்டும். இரண்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நெல்லை மெயில்:

நாங்கள் போன வருஷம் இதே ஊரில் ஒரு அபார்ட்மெண்ட் ஹோட்டலில் ஐந்து நாள் இருந்தோம், பெயர் வேண்டாம், எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். லிஃப்டுக்குள் நான் ஒரு பெட்டி, மனைவி ஒரு பெட்டி என்று நின்றதும் கதவு சாத்தவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்தால் 225 கிலோ, மூன்று பேர். நாங்கள் அவ்வளவு கனமில்லை, பெட்டிதான் இடம் அடைத்தது. பெட்டியைத் தனியாக ஏற்றி அனுப்பிவிட்டு, அது மேலே போய்ச் சேர்வதற்குள் பிடிக்க வேண்டும் என்று பையன் படியில் ஓடினான். தினமும் இதே வேலை. கடைசி நாள் அவன் ஜெயித்தான்.

சமையல் பற்றி. குக்கர் கொண்டு போகிறீர்கள் என்றால் அடியை ஒருமுறை காந்தம் வைத்துப் பாருங்கள். நாங்கள் வீட்டு அலுமினியக் குக்கரை ஆறு சட்டைக்குள் சுற்றிப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போனோம், அங்கே இருந்தது காந்தம் ஒட்டும் பாத்திரத்தை மட்டும் சூடாக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு, குக்கரை வைத்தால் கண்ணைக் கண்ணைச் சிமிட்டியதே தவிர சூடாகவில்லை. அப்புறம் அங்கே இருந்த பாஸ்தா பாத்திரத்தில் தண்ணீர் நிறைய விட்டுச் சோறு வடித்தோம். பாட்டி காலத்து வடித்த சோறு, அருமையாகத்தான் இருந்தது. தாளிப்பதுதான் வம்பு. அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி புகையை வெளியே தள்ளாது, வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும் ரகம். கடுகு வெடிக்கும் வரை ஒன்றும் இல்லை, மிளகாய் வற்றல் கிள்ளிப் போட்டதும் கூரையிலிருந்து அலாரம் அலறியது, எதிர் நடையில் ஒரு பாட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வற்றலை விட்டுவிட்டு மிளகு சீரகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஜன்னலை முதலிலேயே திறந்து வையுங்கள்.

தயிருக்கு ஒரு எச்சரிக்கை. தேய்ஃபெல் என்று எழுதிய டப்பா தயிர் மாதிரியே இருக்கும், வாங்கிவிடாதீர்கள், அது புளித்த கிரீம். அதைப் போட்டுப் பிசைந்த சாதம் தயிர் சாதமாக இல்லாமல் கேக்குக்கு மேலே பூசுவது மாதிரி ஆகிவிட்டது. கெஃபிர் என்று கேளுங்கள், அதுதான் நம் வாய்க்கு ஒத்து வரும்.

இன்னொன்று, வரவேற்பில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். எங்களுக்கு ஆளே இல்லை, போனில் ஒரு எண் அனுப்பினார்கள், அதை வாசலில் அழுத்தினால் கதவு திறக்கும். மழையில் நின்றுகொண்டு ஐந்து தடவை அழுத்தியும் திறக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் போனை எடுத்தார்கள்.

வசந்தா அக்கா:

தம்பி, எல்லோரும் அடுப்பு, குக்கர் என்று பேசுகிறீர்கள், அங்கே போயும் பாத்திரம் கழுவப் போவது யார் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே. அம்மா ரசம் கேட்கிறார் என்றால் வைப்பது அம்மாவா, உங்கள் மனைவியா? நாங்கள் ரோமில் இப்படித்தான் வீடு எடுத்தோம், காலையில் எல்லோரும் கிளம்பி நிற்கும்போது நான் மட்டும் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஹோட்டலில் காலைச் சாப்பாடும் சேர்த்து ரூம் எடுங்கள், ராத்திரிக்கு ஒரு சின்ன ரைஸ் குக்கர் கையில் இருந்தால் போதும், ரூமில் சமைக்க விடுவார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கழிவறையில் ஹேண்ட் ஷவர் இருக்காது, மக் ஒன்று பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், அப்பா அம்மாவுக்கு அதுதான் பெரிய விஷயம். குளியல் தொட்டி என்றால் விளிம்பு முட்டி உயரம் இருக்கும், அதைத் தாண்டிக் கால் வைப்பதும் ஒரு மாடிப்படிதான்.

கோவை ராம்கி:

வசந்தா அக்கா, மனைவி உங்கள் பதிலை மூன்று தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பாத்திரம் நான் கழுவுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மெயிலுக்குப் பதில் வந்தது. பெஸ்ட்கரைத் தமிழன் சொன்னது அப்படியே. இரண்டாவது படுக்கையறை என்பது கலேரியாவாம், பதினோரு படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். லிஃப்டுக்கு முன்னால் ஏழு படி. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள், கேட்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டார்கள். ரத்து செய்துவிட்டேன், பணம் முழுக்கத் திரும்ப வரும்.

இப்போது வேறு எந்தப் பகுதியில் பார்க்கட்டும்? ஆறாவது வட்டாரத்தில் தனியார் வீடுகள் முன்னே நிறையக் கண்ணில் பட்டன, இப்போது தேடினால் காணோமே?

பெஸ்ட்கரைத் தமிழன்:

அதற்குக் காரணம் உண்டு சார். ஆறாவது வட்டாரத்துக்காரர்கள் 2024இல் ஓட்டுப் போட்டு, வீடுகளைச் சில நாள் வாடகைக்கு விடுவதை 2026 ஜனவரி முதல் நிறுத்திவிட்டார்கள். பயணிகள் வந்து வந்து வாடகை ஏறிவிட்டது, தூக்கமும் போய்விட்டது என்று கோபம். ஹோட்டலாகவே அனுமதி வாங்கி நடத்துகிற கட்டடத்தை இது தொடாது. நீங்களும் அந்த ரகத்தையே பாருங்கள், கட்டடம் முழுவதும் ஒரே நிர்வாகம், கீழே ஆள் உட்கார்ந்திருக்கும், லிஃப்டும் ஒழுங்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

என்னைக் கேட்டால் எட்டாவது வட்டாரத்தில் அரண்மனைக் குடியிருப்பு என்று சொல்லும் பகுதி, தேசிய அருங்காட்சியகத்துக்குப் பின்பக்கத் தெருக்கள். பழைய பிரபுக்கள் கட்டிய வீடுகள், ராத்திரி அமைதி, நடு நகரம் நடக்கும் தூரத்தில். வியன்னா ரயில் கெலெட்டி நிலையத்தில் வந்து நிற்கும், அங்கேயே நாலாவது மெட்ரோவில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் கால்வின் சதுக்கம். அந்தப் பாதை 2014இல் திறந்தது, லிஃப்ட் எல்லாம் உண்டு, அப்பாவுக்குச் சிரமம் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் பெரிய சந்தை, 1897இல் திறந்த, இரும்புச் சட்டக் கூரை போட்ட கட்டடம், காய்கறி அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஒன்றாவது மெட்ரோ 1896இல் வந்தது, பார்க்கப் பொம்மை ரயில் மாதிரி அழகு, ஆனால் பெரும்பாலும் படிக்கட்டுதான், நல்லவேளையாக ஆழம் கம்மி. பையனுக்காக ஒரு தடவை போய் வாருங்கள். விமான நிலையத்துக்கு 100ஈ பஸ், அதற்குத் தனி டிக்கெட், மெட்ரோ பாஸ் செல்லாது.

ரூம் வாடகைக்கு மேலே நாலு சதவீதம் சுற்றுலா வரி வரும், பதினெட்டு வயசுக்குக் கீழே கிடையாது. சேர்த்துச் சொல்லியிருக்கிறார்களா, அங்கே போய்க் கட்ட வேண்டுமா என்று பாருங்கள். போனதும் ஐந்து பேர் பாஸ்போர்ட்டையும் வாங்கிக் கருவியில் பதிவார்கள், பையனுடையதையும் சேர்த்து. 2021இலிருந்து இது சட்டம், பயப்பட வேண்டாம். கார்டில் கட்டும்போது யூரோவா, ஹங்கேரிப் பணமான ஃபோரிண்டா என்று கேட்டால் ஃபோரிண்ட் என்றே அழுத்துங்கள்.

கோவை ராம்கி:

நன்றி தம்பி. நீங்கள் சொன்ன பகுதியில் ஒன்று கிடைத்திருக்கிறது, ஒன்றாவது மாடி, முற்றத்தைப் பார்த்த இரண்டு அறை, கலேரியா இல்லை என்று எழுத்தில் வாங்கிவிட்டேன். லிஃப்டுக்கு முன்னால் இரண்டு படிதான். பையன் மட்டும் மேலே படுக்க முடியாதா என்று இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

நெல்லை மெயில்:

லிஃப்டோடு ஓட்டப்பந்தயம் இருக்கிறது என்று சொல்லுங்கள், சரியாகிவிடுவான். குக்கர் அடியில் காந்தம் ஒட்டியதா?

கோவை ராம்கி:

ஒட்டவில்லை. அம்மா வேறு குக்கர் வாங்கப் போயிருக்கிறார்.