நெதர்லாந்துக்கு நேரடியா காயர் பித் பிளாக் அனுப்ப என்னென்ன பார்க்கணும்?

பொள்ளாச்சி_களம்:
வணக்கம்ங்க. 5 கிலோ காயர் பித் (தேங்காய் நார்த்தூள்) பிளாக் போடுறோம். இதுவரைக்கும் வியாபாரிங்க மூலமாத்தான் வெளிநாடு போச்சு. இப்போ நெதர்லாந்து பார்ட்டி நேரடியா ஒரு 40 அடி ஹைகியூப் கன்டெய்னர் கேக்கறாங்க. ஈசி (உப்பு எவ்வளவு இருக்குன்னு காட்டுற மின்கடத்து அளவு) 0.5-க்குக் கீழே, தூத்துக்குடி எஃப்ஓபி (அங்கே கப்பல்ல ஏத்தற வரைக்கும் எங்க பொறுப்பு). ஐஈசி (ஏற்றுமதி-இறக்குமதி எண்) எடுத்தாச்சு. வேற எதுல கவனமா இருக்கணும்?

கடல்வழி:
உங்க பேங்க்கோட ஏடி கோடை (அந்நியச் செலாவணிக்கான பேங்க் எண்) ஐஸ்கேட்ல (சுங்கத்துறை இணையதளம்) தூத்துக்குடிக்குப் பதிவு பண்ணுங்க. அது இல்லாம ஷிப்பிங் பில் (சுங்கத்துல போடுற ஏற்றுமதி விண்ணப்பம்) போட முடியாது. ஜிஎஸ்டி தளத்துல எல்யூடி (வரி கட்டாம ஏற்றுமதி பண்ணக் கொடுக்கிற உறுதிமொழி) போடணும், நிதியாண்டுக்கு ஒரு தடவை. விட்டா ஐஜிஎஸ்டி கட்டிட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்கணும்; சின்ன யூனிட்டுக்கு அந்தப் பணம் முடங்கினா அடுத்த லோடுக்கு நார்த்தூள் வாங்கறதே கஷ்டம். காயர் போர்டு ஆர்சிஎம்சியும் (ஏற்றுமதியாளர் பதிவுச் சான்று) எடுத்து வச்சுக்கோங்க. மரப் பேலட்னா (சரக்கு அடுக்குற பலகை) 56 டிகிரியில 30 நிமிஷம் ஹீட் ட்ரீட் பண்ணி முத்திரை குத்தினதா இருக்கணும், இல்லேன்னா நெதர்லாந்துத் துறைமுகத்துலயே நிறுத்திடுவாங்க.

நார்த்தூள்_லேப்:
சண்டை வர்றது பெரும்பாலும் ஈசியிலதாங்க. ‘0.5-க்குக் கீழே’னு மட்டும் எழுதின ஆர்டருக்குக் கையெழுத்துப் போடாதீங்க. எந்த முறையில அளக்கறதுன்னும் அதுல இருக்கணும். நெதர்லாந்துல 1:1.5 முறை (ஒரு பங்கு பித்துக்கு ஒண்ணரைப் பங்கு தண்ணி) வழக்கம். இங்கே 1:5-ல அளந்தா தண்ணி அதிகம், உப்பு நீர்த்துப்போய் அளவு குறைச்சலாக் காட்டும். அதே பிளாக் இங்கே பாஸ், அங்கே ஃபெயில்.

போர் தண்ணியோட ஈசியையும் பாருங்க. தண்ணியே உப்பா இருந்தா எத்தனை தடவை அலசினாலும் இறங்காது. ‘பஃபர்டு’ வேணுமான்னு கேட்டுக்கோங்க. பித்துல ஒட்டியிருக்கிற சோடியம், பொட்டாசியம் வெறும் தண்ணிக்கு முழுசா வராது. பஃபர் பண்றதுன்னா கால்சியம் நைட்ரேட் கரைசல்ல ஊறவச்சு, திரும்ப அலசணும். அதுக்கு நேரமும் தண்ணியும் கூடும், விலையில சேர்த்துடுங்க.

மண் களத்துல காயப்போட்டா மணலும் களை விதையும் கலந்துடும், சிமென்ட் களம்தான் சரி. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல போனா கன்டெய்னருக்குள்ள வேர்த்து பூஞ்சை பிடிக்கும். லோடு ஏத்தும்போது ஒவ்வொரு லாட்லயும் ரெண்டு பிளாக் எடுத்து சீல் வச்சு வைங்க. புகார் வந்தா காட்ட அதுதான் ஆதாரம்.

எல்சி_கணக்கு:
பணத்தைப் பத்தி யாரும் சொல்லலையே. முதல் ஆர்டருக்கு 30% அட்வான்ஸ் கேளுங்க, மீதி பிஎல் (கப்பல் கம்பெனி தர்ற சரக்கு ரசீது) காப்பி அனுப்பினதும். ஒரிஜினல் பிஎல் பணம் வந்தப்புறம்தான் கையை விட்டுப் போகணும். எல்சின்னா (வாங்கறவரோட பேங்க் பணத்துக்குத் தர்ற உறுதிக் கடிதம்), அதுல வேற நாள் சொல்லலேன்னா கப்பல் ஏறின 21 நாளுக்குள்ள டாக்குமென்ட் பேங்க்ல இருக்கணும். எல்சியில ‘கோகோ பீட்’னு இருந்து நீங்க இன்வாய்ஸ்ல ‘காயர் பித்’னு போட்டா, ரெண்டும் ஒரே சரக்குன்னாலும் பேங்க் குறை சொல்லிப் பணத்தை நிறுத்தும். அதனால எல்சி வரைவு வந்த அன்னைக்கே வரி வரியாப் படிச்சுத் திருத்தச் சொல்லுங்க.

எஃப்ஓபிக்குப் பதிலா எஃப்சிஏ கேட்டுப் பாருங்க. கன்டெய்னரை டெர்மினல்ல ஒப்படைச்சதோட உங்க பொறுப்பு முடியும். எஃப்ஓபின்னா கப்பல்ல ஏத்தற வரைக்கும் சேதம் உங்க தலையில.