உமி ஓடும் குழாயில் கெப்பாசிட்டன்ஸ் டோமோகிராஃபி: சுவரோரம் வளையம், நடுவில் காலி

காட்பாடி மாணவன்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். கடைசி வருட புராஜெக்ட். ஆரணிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் பாய்லருக்கு உமியைக் காற்றில் அடித்து அனுப்புகிறார்கள், நிமிடத்துக்கு எத்தனை கிலோ போகிறது என்று குழாயைத் திறக்காமல் அளக்க வேண்டும். 100 மி.மீ. அக்ரிலிக் குழாயைச் சுற்றி 8 செப்புத் தகடு ஒட்டி, இரண்டிரண்டாக 28 கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குத் திறன்) அளவுகள் எடுத்து, அவற்றிலிருந்து குழாயின் குறுக்குவெட்டைக் கணிக்கும் எளிய முறையான லீனியர் பேக் புரொஜெக்‌ஷனில் படம் போடுகிறேன். காலிக் குழாய், உமி நிரப்பிய குழாய் இரண்டிலும் கேலிபரேஷன் செய்தாயிற்று. ஆனால் புளோயர் ஓடும்போது சுவரோரம் ஒரு வளையம் மட்டும் வருகிறது, நிறுத்தினாலும் போவதில்லை. கையைக் கிட்டே கொண்டுபோனாலே படம் மாறுகிறது. ஆலைக்காரர் சொன்ன கணக்கு: நிமிடத்துக்கு 5 கிலோ, காற்று விநாடிக்கு 15 மீட்டர். எங்கே தப்பு?

ராணிப்பேட்டை கருவிக்காரர்:
தம்பி, கைக்கு மாறுகிறதென்றால் வெளியே எர்த் கவசம் இல்லை. தகடுகளுக்கு மேல் கொஞ்சம் இடைவெளி விட்டு உலோக உறை சுற்றி எர்த் செய். எதிரெதிர் தகடுகளுக்கு நடுவே நீ தேடுகிற மாற்றம் ஃபெம்டோஃபாரட் கணக்கு, அதாவது பைகோஃபாரட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கேபிள் அசைந்தாலே காணாமல் போய்விடும்.

அப்புறம் அந்த வளையம் பொய் இல்லை என்றே நினைக்கிறேன். புளோயரை நிறுத்தி உள்ளே டார்ச் அடித்துப் பார். பிளாஸ்டிக் குருணை ஓடும் குழாயில் நானே பார்த்திருக்கிறேன், உரசி உரசி நிலைமின் ஏறித் தூசி சுவரில் அப்பிக்கொள்ளும், விரலால் வழித்தாலும் மறுபடி போய் ஒட்டும். அந்த மின்னேற்றம் சர்க்யூட்டையும் கெடுக்கும், ஒவ்வொரு தகட்டையும் பெரிய மின்தடை வழியாக எர்த்துக்கு இணைத்துவிடு.

சத்துவாச்சாரி:
கவசம் போட்டாலும் நடுவில் தெரியாது, கணக்கைப் பார். நிமிடத்துக்கு 5 கிலோ என்றால் விநாடிக்கு 83 கிராம். 100 மி.மீ. குழாயில் 15 மீட்டர் வேகத்துக்குக் காற்று விநாடிக்கு 0.118 கன மீட்டர். அப்படியானால் ஒரு கன மீட்டர் காற்றில் உமி 0.7 கிலோதான். கொட்டி வைத்த உமி கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. உன் காலி-நிறை வீச்சில் வெறும் 0.7 சதவீதத்தை, அதுவும் இந்த முறைக்கு உணர்திறன் மிகக் குறைந்த நடுப்பகுதியில் தேடுகிறாய். 1980களில் அமெரிக்காவின் மோர்கன்டவுன் ஆய்வு மையத்தில் இந்த முறையை வைத்துப் படம் எடுத்ததும், கீழிருந்து காற்று ஊதித் துகள்கள் நெருக்கமாகக் கொதிப்பதுபோல் புரளும் படுகைகளில்தான்.

இடத்தை மாற்று. புளோயருக்கு முன்னால் உமி பாதிக் குழாய் நிறைந்து வழுக்கி இறங்குகிற சரிவு ஏதாவது இருந்தால், அதே 5 கிலோ அங்கே விநாடிக்கு 20 செ.மீ. வேகத்தில்தான் நகரும். 10 செ.மீ. தள்ளி இன்னொரு தகட்டு வரிசை வைத்தால் முதல் வரிசையில் தெரிந்த மேடுபள்ளம் அரை விநாடி கழித்து இரண்டாவதில் தெரியும். இரண்டையும் கிராஸ் கோரிலேஷன் செய்தால், அதாவது எத்தனை நேரம் தள்ளி வைத்தால் இரண்டும் பொருந்துகின்றன என்று பார்த்தால், வேகம் கிடைக்கும்; படத்திலிருந்து குழாய் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது; இரண்டையும் பெருக்கினால் ஓட்டம்.

ஆரணி ஆலை:
ஈரத்தை மறந்துவிடாதீர்கள். தண்ணீரின் மின்காப்பு மாறிலி (தகடுகளுக்கு நடுவே வைத்தால் கெப்பாசிட்டன்ஸ் எத்தனை மடங்கு கூடும் என்ற எண்) சுமார் 80, காய்ந்த உமிக்கு அதில் சிறு பங்குதான். மழையில் நனைந்த குவியலில் கை விட்டால் மேலே மொறுமொறுவென்று இருக்கும், முழங்கை ஆழத்தில் சில்லென்று ஒட்டும். அந்த உமி வந்தால் உங்கள் கருவி எடை கூடிவிட்டதாகச் சொல்லும். ஒவ்வொரு லோடுக்கும் உமி நிரப்பிய குழாயின் கேலிபரேஷன் அளவை மறுபடி எடுங்கள், பத்து நிமிடம் சாக்கில் பிடித்துத் தராசில் போட்டு ஒப்பிடுங்கள் தம்பி.

காட்பாடி மாணவன்:
டார்ச் அடித்தேன், ராணிப்பேட்டை அண்ணன் சொன்னது சரி, உள்ளே விரல்நகக் கனத்துக்கு உமித்தூசி. ஹாப்பருக்குக் கீழே இரண்டடிச் சரிவு இருக்கிறது, இரும்புக் குழாய். அதை அக்ரிலிக்காக மாற்ற ஆலையில் கேட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பாய்லர் நிற்கும்போது செய்யலாம் என்றார்கள். சாக்கும் தராசும் அவர்களே தருகிறார்கள்.