புதுப்பிப்பு: பிறவியிலேயே முளைக்காத மேல் பற்கள், கழன்றுகொண்டே இருந்த பிரிட்ஜ்

ஓமலூர் பக்கத்துப் பெண், வயது 17. மேல்வரிசையில் நடுப்பற்களுக்கு அடுத்த இரண்டும் பிறவியிலேயே இல்லை. கிளிப் போட்டு இடம் திறந்தாயிற்று. தாடை வளர்ச்சி முடியாததால் இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) கூடாது. இருபுறமும் இறக்கை (பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் மெல்லிய தகடு) வைத்த உலோக பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்கள் தாங்கும் செயற்கைப் பல், கழன்றுகொண்டே இருக்கிறதே என்று கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

பலித்தது "ஒரே பல்லில் ஒட்டுங்கள், ஸிர்கோனியாவில் செய்யுங்கள்" என்ற யோசனைதான். ஸிர்கோனியா என்பது பல் நிறத்தில் இருக்கும் உறுதியான பீங்கான் வகை. இருபுறமும் ஒட்டினால், தாங்கும் இரு பற்களும் வெவ்வேறு திசையில் அசைவதால் ஒரு பக்கப் பசை விட்டுவிடுகிறது. விட்டுப்போன இறக்கையின் அடியில் சொத்தையும் தெரியாமல் வளரும்.

நடுப்பல்லின் பின்புறம் 0.7 மி.மீ. இறக்கை, இறக்கையையும் புதுப்பல்லையும் சேர்க்கும் இணைப்பு 3 மி.மீ. உயரம், 2 மி.மீ. அகலம். வாயில் வைத்துப் பார்த்த பிறகே இறக்கையின் உட்புறத்தை 50 மைக்ரான் அலுமினா தூளால் குறைந்த அழுத்தத்தில் ஊதி, எம்டிபி பிரைமர் (ஸிர்கோனியாவில் பசை பிடிக்க உதவும் திரவம்) தடவினேன். எச்சில் பட்ட ஸிர்கோனியாவை பாஸ்பாரிக் அமிலத்தால் சுத்தம் செய்யவே கூடாது. பாஸ்பேட் ஒட்டிக்கொண்டால் பிரைமர் பிடிக்காது. ஒட்டும்போது எச்சில் படாமல் பல்லைப் பிரித்து வைக்கும் ரப்பர் டேம் கட்டாயம்.

எதிர்பாராதது எனாமல், அதாவது பல்லின் மேலடுக்கு. பசை பிடிக்க அதன்மேல் 30 விநாடி அமிலம் வைத்துக் கழுவி உலர்த்தியும் சுண்ணாம்பு வெண்மை வரவில்லை, பளபளப்பு அப்படியே இருந்தது. சேலம், தருமபுரி பக்கத்து ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்த பல், அமிலத்துக்கு எளிதில் மசியாது. மேற்பரப்பை லேசாக உரசி, இன்னும் 60 விநாடி வைத்ததும் வெளுத்தது. பழைய பிரிட்ஜ் கழன்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது புதுப்பல் எதிலும் இடிக்காமல் தேய்த்துவிட்டேன். இரவில் ரீட்டெய்னர் (பற்கள் இடம் நகராமல் பிடித்து வைக்கும் கருவி). ஆறு மாதமாக இரண்டு பிரிட்ஜும் அசையவில்லை. இடதுபக்க ஈறு மட்டும் இன்னும் சற்றுத் தட்டை.