குளிர்கால மழையில் சிற்றோடை ட்ரவுட்: ஜூன் விடுமுறையில் தாவுப்போ செல்பவருக்கு வழி கூறுங்கள்

ஈசூன் தூண்டில்காரன்:

அனைவருக்கும் வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு நியூசிலாந்து செல்கிறோம். அக்கா ஹாமில்டனில் இருக்கிறார். அங்கிருந்து தாவுப்போ ஏரிக்குக் காரில் இரண்டு மணி நேரம் ஆகும் என்று அத்தான் சொல்கிறார். நமக்கு விடுமுறையாக இருக்கும் அந்த மாதம் அங்கே நல்ல குளிர்காலம், மழையும் உண்டு. இங்கே சிங்கப்பூரின் லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் அனுமதிக்கப்பட்ட கரையில் நின்று செயற்கை இரையால் பீகாக் பாஸ் மீன் பிடித்துப் பழகிய எனக்கு, ஓடும் குளிர்நீரில் தூண்டில் போட்ட அனுபவம் இல்லை. பெரிய ஆற்றை விட்டுவிட்டு, ஏரியில் கலக்கும் சிற்றோடை ஒன்றில், வளர்த்து விடப்படாமல் தானாகவே பெருகும் ட்ரவுட் மீனைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மழை பெய்யும் நாளில் மீன் இரை எடுக்குமா? ஓடையில் அது எங்கே நிற்கும்? என்னிடமுள்ள ஸ்பின்னிங் தூண்டிலையே கொண்டுபோகலாமா?

பொங்கோல் கரையோரம்:

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்பின்னிங் தூண்டில் வேண்டாம். அந்த ஏரியில் கலக்கும் ஆறுகளிலும் ஓடைகளிலும் பெரும்பாலானவற்றில் ஃபிளை (இறகும் நூலும் கட்டிப் பூச்சிபோல் செய்த எடைகுறைந்த இரை) மீன்பிடிப்புக்கு மட்டுமே அனுமதி உண்டு. நாட்டின் பிற பகுதிகளுக்கான உரிமம் அங்கே செல்லாது. தாவுப்போவுக்கென்று இயற்கைப் பாதுகாப்புத் துறை வழங்கும் தனி உரிமத்தை வாங்க வேண்டும். ஓடைகளின் மேற்பகுதிகளைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால், எல்லைப் பலகை எங்கே நடப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு நீரில் இறங்குங்கள்.

மழையைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. சொல்லப்போனால் மழைதான் உங்களுக்குத் துணை. ஏரியில் வளர்ந்த ரெயின்போ ட்ரவுட் முட்டையிடுவதற்காகக் குளிர்காலத்தில் ஓடைகளுக்குள் ஏறுகிறது. மழையால் நீர்மட்டம் உயர்ந்து நிறம் சற்றே மங்கும்போது, ஓடை வாயில் காத்திருக்கும் மீன்கள் கூட்டமாக உள்ளே நுழைகின்றன. ஆனால் நீர் ஏறிக்கொண்டிருக்கும் நேரம் தூண்டிலுக்கு உகந்ததன்று. மழை ஓய்ந்து, மட்டம் இறங்கத் தொடங்கி, பால் கலந்த தேநீரைப் போல் இருந்த நீர் வெளிர்பச்சையாகத் தெளிந்து வரும் அந்தச் சில மணி நேரத்துக்காகவே நான் மழைநாளில் கிளம்புவேன்.

எந்த ஓடை என்பதும் முக்கியம். கைமனாவா மலைகளிலிருந்து வரும் தவுரங்கா-தாவுப்போ போன்றவை மழை பெய்தவுடன் பெருகிக் கலங்கிவிடும். வைத்தாஹனுயி பெரும்பாலும் ஊற்றுநீரால் ஓடுவது. எரிமலை நுரைக்கல் நிலம் மழையை உறிஞ்சி மெல்லக் கசியவிடுவதால், மற்றவை கலங்கிக் கிடக்கும்போதும் அது பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். விடாத மழையென்றால் முதலில் அங்கே செல்லுங்கள்.

மீன் நிற்கும் இடம்: குளிர்ந்த நீரில் அதன் உடல் இயக்கம் மெதுவாகிவிடுவதால், இரைக்காக அது தொலைவு ஓடாது. வேகமான நீரோட்டத்துக்குப் பக்கத்திலேயே மெதுவாக நகரும் நீர், பாறையின் பின்புறம், கரை குடைந்த ஆழம் ஆகிய இடங்களில் அடியை ஒட்டி நிற்கும். நீர் கலங்கியிருந்தால் கரையோரத்துக்கு ஒதுங்கும். எனவே கால் வைப்பதற்கு முன்பு கரையோர நீரில் ஒருமுறை வீசிப் பாருங்கள். கனமான நிம்ஃப் (இளம் நீர்ப்பூச்சி போன்ற, மூழ்கும் ஃபிளை) ஒன்றையும், அதன் பின்னால் மெல்லிய நரம்பில் மீன்முட்டை போன்ற சிறு ஃபிளை ஒன்றையும் கட்டி, ஓட்டத்துக்கு எதிர்ப்புறமாக மேலே வீச வேண்டும். தக்கையை நீரின் ஆழத்தைப் போல் ஒன்றரை மடங்கு உயரத்தில் வையுங்கள். தக்கையும் அதைச் சுற்றியுள்ள நுரையும் ஒரே வேகத்தில் வர வேண்டும். தக்கை முந்தினால் நரம்பை நீர் இழுக்கிறது என்று பொருள், அப்படி வரும் ஃபிளையை மீன் தொடாது. ட்ரவுட் கடித்தால் தக்கை அமிழும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு கணம் தயங்கி நின்றாலே தூண்டிலை உயர்த்துங்கள். பல தடவை அது வெறும் கல்லாகத்தான் இருக்கும். இருந்தாலும் உயர்த்துங்கள்.

நீலகிரிப் பேத்தி:

பொங்கோல் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், அதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். நான் வளர்ந்த உதகைப் பக்கத்து ஓடைகளிலும் ரெயின்போ ட்ரவுட் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவலாஞ்சியில் அதற்குக் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். நியூசிலாந்துக்கு 1883இல் கலிஃபோர்னியாவிலிருந்து முட்டைகளாகக் கொண்டுவரப்பட்ட இந்த மீன், இன்று தாவுப்போவில் யாரும் வளர்த்துவிடாமல் தானே பெருகுகிறது. அந்தப் பெருக்கம் பெரும்பாலும் நீங்கள் செல்லும் அதே குளிர்காலத்தில், அதே ஓடைகளின் சரளைக்கற்களுக்கு அடியில்தான் நடக்கிறது.

பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்து, சரளையில் பள்ளம் தோண்டி, முட்டையிட்டுப் பின் கற்களாலேயே மூடிவிடும். சுற்றியுள்ள கற்கள் பழுப்புப் பாசி படிந்திருக்க, அந்த இடம் மட்டும் துடைத்துவிட்டதுபோல் வெளிறித் தெரியும்; மேல்பக்கம் சிறு பள்ளமும் கீழ்ப்பக்கம் சிறு மேடும் இருக்கும். நீரின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸாக இருந்தால் முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை ஒரு காலடி போதும், உள்ளே இருப்பவை நசுங்கிவிடும். மழையில் நீர் மங்கும்போது அந்த வெளிறிய இடம் கண்ணுக்குத் தெரியாது என்பதால், குறுகிய ஓடைகளில் கூடுமானவரை கரையிலேயே நடந்து செல்லுங்கள், சகோதரரே. முட்டையிட்டுக்கொண்டிருக்கும் மீனுக்குத் தூண்டில் போடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். சட்டம் அனுமதிக்கும் இடமாக இருந்தாலும்கூட.

ஈசூன் தூண்டில்காரன்:

இருவருக்கும் மிக்க நன்றி. சரளையைப் பற்றி இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பிடித்த மீனில் ஒன்றை அக்கா வீட்டில் சமைக்கலாமா? தோழர் ஒருவர் அவருடைய பழைய நீர்ப்புகாக் கால்சட்டையையும் காலணியையும் தருவதாகச் சொல்கிறார், அவற்றைக் கொண்டுபோகலாமா?

பிடோக் பாட்டையா:

காலணியின் அடிப்பாகம் ஃபெல்ட் (அழுத்திய கம்பளித்துணி) ஒட்டியதாக இருந்தால் கொண்டுபோகாதீர்கள். ஈரத்தில் நுண்ணுயிர்களைச் சுமந்து செல்லும் என்பதால் அங்கே நன்னீர் மீன்பிடிப்பில் அதைத் தடை செய்திருக்கிறார்கள். டிடிமோ என்னும் பாசி 2004இல் அந்நாட்டின் தென்தீவில் கண்டறியப்பட்டது. வடதீவின் ஓடைகளை அதனிடமிருந்து காப்பாற்றத் தொடர்ந்து பாடுபடுகிறார்கள். பயன்படுத்திய தூண்டில் பொருள்கள் எதுவானாலும் நன்றாகக் கழுவி, முழுவதும் உலர்த்தி, நாட்டுக்குள் நுழையும் படிவத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். காலணியையும் கால்சட்டையையும் அங்கேயே வாடகைக்கு எடுப்பது இன்னும் எளிது.

சமையலுக்கு, வெள்ளி போல் மின்னும் புது மீனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முட்டையிட்டு முடித்து மெலிந்து கறுத்த மீனின் சதை வெளிறி நீர்த்திருக்கும், சுவை இராது. அத்தகைய மீனைக் கையை நனைத்துக்கொண்டு, நீருக்கு வெளியே தூக்காமலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். அந்நாட்டில் ட்ரவுட் மீனை விற்பது சட்டப்படி குற்றம். கடையில் கிடைக்காது, பிடித்தால்தான் உண்ண முடியும். மஞ்சள், மிளகு, உப்பு போதும். நம் வீட்டு மசாலாவை அள்ளிப் பூசினால் அந்த மென்மையான சதையின் சுவையே தெரியாது.

பருத்தி ஆடை நனைந்தால் உடல் சூட்டை இழுத்துவிடும். உள்ளே கம்பளி அணியுங்கள். ஓடையில் இறங்கும் முன் நீர்விளிம்பில் ஒரு கல்லை அடையாளமாக வையுங்கள். அது மூழ்கினாலோ, இலையும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, மேலே மழை வலுத்துவிட்டது என்று புரிந்துகொண்டு உடனே கரையேறுங்கள். முழங்கால் ஆழத்தில் உங்கள் காலணி தெரியவில்லையென்றால் மறுகரைக்குக் கடக்கவே கூடாது. அத்தானையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவரும் தூண்டில் போடுவதாக இருந்தால் அவருக்கும் தனி உரிமம் வேண்டும்.